இன்றைய ரஷ்யாவைப் புரிந்துகொள்ள 1991-லிருந்து படிப்பது எப்படி

ரஷ்ய அரசியல் பற்றிப் பேச்சு வந்தாலே பலரும் 2000-ல் புதின் அதிபரான இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். உளவுத்துறை ஆள் ஒருவர் வந்தார், ஜனநாயகத்தை விழுங்கினார், அவ்வளவுதான் கதை. அங்கிருந்து படித்தால் ஒன்றும் பிடிபடாது. அவர் கையில் எடுத்த கருவிகளில் பாதிக்கு மேல் அவர் வருவதற்கு முன்பே செய்து வைக்கப்பட்டிருந்தன, அதுவும் தங்களை ஜனநாயகவாதிகள் என்று உண்மையாகவே நம்பியவர்களின் கையால். நான் சொல்கிறேன் என்பதற்காக இதை நம்ப வேண்டாம். நீங்களே சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்து பக்கத்தில் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியின் தலையில் "அதிகாரம்", இரண்டாவதில் "சொத்து", மூன்றாவதில் "போர்" என்று எழுதுங்கள். இடது ஓரத்தில் ஆண்டுகள், 1991-லிருந்து. இனி எதைப் படித்தாலும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் மூன்று கேள்வி: எந்த அதிகாரம் யாரிடமிருந்து யாருக்குப் போனது? யாருடைய சொத்து யார் கைக்கு மாறியது? அந்தச் சமயத்தில் எங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது? பெரும்பாலான புத்தகங்கள் இந்த மூன்றையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிடும், பொருளாதாரச் சீர்திருத்தம் ஒரு இடம், பிரிந்துபோக முயன்ற தெற்குக் குடியரசான செச்னியாவின் போர் இன்னொரு இடம் என்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று மற்றொன்றுக்கு வழி திறந்துவிடுவது தெரியும்.

சரி, 1991. ஆகஸ்ட் 19 அன்று சோவியத் அதிபர் கோர்பசேவைச் சிறைவைத்து ஆட்சியைப் பிடிக்க நடந்த முயற்சி மூன்று நாளில் தோற்றது. அந்தக் கும்பலின் முக்கிய ஆட்களில் ஒருவர் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் தலைவர் க்ரியுச்கோவ். மாஸ்கோவில் மக்கள் திரண்டு வந்து கே.ஜி.பி. தலைமையகத்தின் முன்னால் இருந்த சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கிய ஜெர்ஜின்ஸ்கியின் சிலையை அகற்ற வைத்தார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சிலையைத்தான். நீங்கள் குறிக்க வேண்டியது சிலைக்குப் பின்னால் இருந்த கட்டடத்தை. அது அப்படியே இருந்தது. கே.ஜி.பி.யைப் பல துண்டாகப் பிரித்தார்கள், பெயரை மாற்றினார்கள், 1995-ல் அதன் முக்கியத் துண்டு எஃப்.எஸ்.பி. ஆனது, ஆனால் பழைய ஆட்களைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கி வைக்கும் சட்டம் வரவே இல்லை. அப்படி ஒரு சட்ட வரைவை 1992 டிசம்பரில் முன்வைத்தவர் ஜனநாயக ஆதரவு அரசியல்வாதி கலீனா ஸ்தரோவோய்தொவா. அவரை 1998 நவம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அவர் வீட்டு மாடிப்படியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். இந்த இரண்டு வரியையும் முதல் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. 1991 நவம்பர் 1 அன்று ரஷ்ய மக்கள் பிரதிநிதிகள் பேரவை, பொருளாதாரச் சீர்திருத்தத்துக்காக ஆணை பிறப்பிக்கும் சிறப்பு அதிகாரத்தை ஓராண்டுக்கு ரஷ்ய அதிபர் யெல்ட்சினுக்குக் கொடுத்தது. கொடுத்ததே நாடாளுமன்றம்தான். ஆணை போட்டு ஆளும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

இப்போது இரண்டாவது பத்திக்கு வாருங்கள், இங்கே அவசரப்படாதீர்கள். 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான பொருட்களின் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். பொருளாதாரத்தைக் கையில் வைத்திருந்தவர் யெகோர் கைதார், வயது 35. கடைகள் ஏற்கெனவே காலியாக இருந்தன, அரசிடம் பணம் இல்லை, வேறு வழி குறைவு என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஓராண்டில் பணவீக்கம் ஏறக்குறைய 2,500 சதவீதம். ஆயுள் முழுக்க உழைத்து சேமிப்பு வங்கியில் போட்டு வைத்த பணம் சில மாதத்தில் ஒன்றுமில்லாமல் போனது. ஜனவரி இறுதியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஓர் ஆணை வந்ததும், மாஸ்கோவின் நடுத்தெருக்களில் ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஓய்வூதியக்காரர்களும் பனியில் வரிசையாக நின்று வீட்டிலிருந்த பாத்திரம், பூட்ஸ், கம்பளிச் சால்வை என்று கையில் பிடித்தபடி விற்றார்கள். படங்கள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள், புள்ளிவிவரத்தை விட அந்த முகங்கள் அதிகம் சொல்லும். ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 1990-ல் 64 ஆண்டு அளவில் இருந்தது, 1994-ல் 58-க்கும் கீழே போய்விட்டது. நாட்டுக்குள் பெரும்போர் எதுவும் நடக்காத சமயத்தில் நான்கே ஆண்டில் இப்படி ஒரு சரிவு. "ஜனநாயகம்" என்ற சொல்லை ஒரு தலைமுறை இந்த ஆண்டுகளோடு சேர்த்துத்தான் முதன்முதலாகக் கேட்டது. இதை மனதில் போடாமல் பிற்பாடு வந்த எதையும் நியாயமாக எடைபோட முடியாது.

அப்புறம் தனியார்மயம். 1992 அக்டோபரிலிருந்து 10,000 ரூபிள் முகமதிப்புள்ள வவுச்சர் ஒவ்வொரு குடிமகனுக்கும் கொடுக்கப்பட்டது, குழந்தைகளுக்கும் சேர்த்து. ஒரு வவுச்சர் இரண்டு வோல்கா கார் விலைக்குச் சமமாகும் என்று தனியார்மயத்தை நடத்திய அனதோலி சுபைஸ் சொன்னார். ஆகவில்லை. பலர் அன்றாடச் செலவுக்கு அதை விற்றார்கள், பலர் ஏதேதோ நிதி நிறுவனத்தில் கொடுத்து இழந்தார்கள். மக்கள் "பிரிவாதிசாத்சியா" என்ற சொல்லைக் கொஞ்சம் திருகி "பிரிஹ்வாதிசாத்சியா" என்றார்கள், கைப்பற்றிச் சுருட்டுவது என்ற பொருளில். ஒரு சமூகம் தன் அனுபவத்துக்குத் தானே வைக்கும் பெயரைக் கவனித்துக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இனி 1993. என் கணக்கில் மொத்தக் கதையின் கீல் இங்கேதான் இருக்கிறது.

சீர்திருத்தத்தால் அடிபட்ட கோபம் நாடாளுமன்றத்தில் திரண்டது. அதற்குள் பொதுவுடைமைக்காரர்களும் தேசியவாதிகளும் நல்ல நோக்கமுள்ளவர்களும் கலந்து இருந்தார்கள், எல்லோரும் ஒரே ரகம் இல்லை. செப்டம்பர் 21 அன்று யெல்ட்சின் 1400-ம் எண் ஆணையால் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். அன்றிருந்த அரசியல் சட்டப்படி அவருக்கு அந்த உரிமை கிடையாது, அரசியல் சட்ட நீதிமன்றமும் அப்படியே சொன்னது. நாடாளுமன்றம் பதிலுக்கு அவரைப் பதவி நீக்கியதாக அறிவித்து துணை அதிபர் ருத்ஸ்கோயை அதிபராக்கியது. அக்டோபர் 3 அன்று ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒஸ்தான்கினோ தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது, மறுநாள் டாங்கிகள் நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுட்டன. மேல் மாடிகள் கரியாகும்வரை எரிந்தன. அரசுக் கணக்கிலேயே 140-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். மேற்கத்திய தலைவர்கள் யெல்ட்சின் பக்கம் நின்றார்கள், ரஷ்யத் தாராளவாதிகளில் பலரும் கூட. பழைய ஆட்சி திரும்பிவிடும் என்ற பயம் அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் சட்டம் குறுக்கே வந்தால் சட்டத்தை நகர்த்திவிடலாம், நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்ற பாடம் அன்று எல்லாத் தரப்புக்கும் ஏறிவிட்டது.

இங்கே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1993 டிசம்பர் 12 அன்று வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தை எடுத்து, அதிபர் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். வரைவு வெளியானது நவம்பர் 10, மக்களுக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு மாதம். 90-வது பிரிவு, அதிபர் ஆணை பிறப்பிக்கலாம். 111-வது பிரிவு, அதிபர் சொல்லும் பிரதமரை நாடாளுமன்றக் கீழவையான டூமா மூன்று முறை நிராகரித்தால் அதிபர் தானே பிரதமரை நியமித்து டூமாவைக் கலைப்பார். அதிபரைப் பதவி நீக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதோடு இரண்டு உயர் நீதிமன்றங்களின் கருத்தும் வேண்டும். 1999 மே மாதம் டூமா யெல்ட்சின் மீது ஐந்து குற்றச்சாட்டுகளை வாக்கெடுப்புக்கு விட்டது, ஒன்றுக்குக்கூடத் தேவையான 300 வாக்கு கிடைக்கவில்லை. யெல்ட்சினுக்கு அளவெடுத்துத் தைத்த இந்தச் சட்டை அடுத்து வந்தவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. அதே டிசம்பர் 12 அன்று நடந்த டூமா தேர்தலில், கட்சிப் பட்டியலில் அதிக வாக்கு, சுமார் 23 சதவீதம், வாங்கியது சிரினோவ்ஸ்கியின் தீவிர தேசியவாதக் கட்சி. கோபம் எந்தத் திசையில் போகிறது என்று அன்றே தெரிந்தது.

மூன்றாவது பத்தி நிரம்பத் தொடங்குவது 1994 டிசம்பர் 11 அன்று, ரஷ்யப் படைகள் செச்னியாவுக்குள் நுழைந்தபோது. அதற்கு முன்பே 1992-ல் மால்டோவாவின் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவிலும் ஜார்ஜியாவின் தெற்கு ஒசேத்தியா, அப்காசியாவிலும் மோதல்கள் நடந்தன, ரஷ்யப் படைகள் அங்கே தங்கிவிட்டன. முடிக்காமல் உறைய வைத்த சண்டைகளால் அண்டை நாடுகளைப் பிடித்து வைக்கலாம் என்ற பழக்கத்தின் வேர் அங்கே. அதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டு செச்னியாவுக்கு வாருங்கள்.

பாதுகாப்பு அமைச்சர் கிராச்சோவ், ஒரே ஒரு பாராசூட் ரெஜிமென்ட் போதும், இரண்டு மணி நேரத்தில் செச்னியத் தலைநகர் க்ரோஸ்னியைப் பிடித்துவிடலாம் என்று பேசியவர். புத்தாண்டு இரவில் நகருக்குள் அனுப்பப்பட்ட பயிற்சியற்ற இளைஞர்கள் கவச வாகனங்களுக்குள்ளேயே எரிந்து செத்தார்கள். பிறகு நகரத்தையே குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே நிலவறைகளில் மாட்டிக்கொண்டு இறந்தவர்களில் பெரும் பங்கு வயதான ரஷ்யர்கள். செச்சென்களுக்கு ஓடிப்போய்த் தங்க மலைக் கிராமத்தில் உறவினர் இருந்தார்கள், இவர்களுக்கு யாரும் இல்லை. ரஷ்யாவைக் காப்பாற்றத் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட போர் முதலில் கொன்றது இவர்களையும் சேர்த்துத்தான் என்பதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

இந்தப் போரை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கினார்கள். 1993 அக்டோபரில் முடக்கப்பட்ட அரசியல் சட்ட நீதிமன்றம் 1995-ல் மீண்டும் இயங்க ஆரம்பித்தது, அந்த ஆண்டு ஜூலையில் அதிபரின் போர் ஆணைகள் பெரும்பாலும் சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது. முதல் பத்தியும் மூன்றாவது பத்தியும் இங்கே கைகோர்க்கின்றன பாருங்கள். ஆனாலும் அன்றைக்கு ஒன்று உயிரோடு இருந்தது. தனியார் தொலைக்காட்சியான என்டிவி பிணங்களையும் இடிபாடுகளையும் அப்படியே காட்டியது, படைவீரர்களின் தாய்மார் போர்முனைக்கே போய் மகன்களைத் தேடினார்கள், மக்கள் போரை வெறுத்தார்கள், 1996 ஆகஸ்ட் 31 அன்று காசவ்யுர்த்தில் ஒப்பந்தம் போட்டுப் படை திரும்பியது. பொதுமக்களின் கருத்து ஒரு ரஷ்ய அரசைப் போரிலிருந்து பின்வாங்க வைக்க உதவியது. அதிகார மையத்தில் இருந்தவர்கள் இதை மறக்கவில்லை, அடுத்த போரில் கேமராக்களைத்தான் முதலில் கட்டினார்கள்.

1995-96-ஐ இரண்டாவது பத்தியில் எழுதும்போது "பங்குக்குக் கடன்" ஏற்பாட்டை விரிவாகப் பாருங்கள். அரசிடம் பணம் இல்லை, வங்கிகளிடம் கடன் வாங்கி எண்ணெய், உலோக நிறுவனப் பங்குகளை அடகு வைத்தது. கடன் திருப்பப்படவில்லை, பங்குகள் வங்கிக்காரர்களிடமே நின்றுவிட்டன. நோரில்ஸ்க் நிக்கல் ஏலத்தை நடத்தியதே விளாதிமிர் பொதானினின் வங்கி. ஆரம்ப விலை 17 கோடி டாலர், வென்றதும் அதே வங்கி, அதற்கு மேல் ஒரு லட்சம் டாலர் மட்டும் கூட்டி. இரண்டு மடங்குக்கு மேல் தருவதாகச் சொன்ன வேறொரு வங்கியின் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். யூகோஸ் எண்ணெய் நிறுவனம் இப்படித்தான் மிகயீல் கோதர்கோவ்ஸ்கியின் கைக்குப் போனது. பதிலுக்கு என்ன? 1996 ஜூன் தேர்தல். ஆண்டின் தொடக்கத்தில் யெல்ட்சினின் ஆதரவு ஒற்றை இலக்கத்தில் இருந்தது. தொழிலதிபர்கள் பணம் கொட்டினார்கள், என்டிவி தலைவர் இகோர் மலாஷென்கோ யெல்ட்சினின் பிரசாரக் குழுவிலேயே சேர்ந்தார், போரைத் துணிந்து காட்டிய அதே என்டிவி. இரண்டு சுற்றுக்கும் நடுவே யெல்ட்சினுக்கு மாரடைப்பு வந்தது, அதை வாக்காளர்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள். ஜூலை 3 அன்று அவர் வென்றார், 54 சதவீதத்துக்கு 40. ஒரு தேர்தலைப் பணமும் தொலைக்காட்சியும் சேர்ந்து எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்ற செய்முறை அங்கே எழுதப்பட்டது. தொலைக்காட்சியைக் கையில் வைத்திருப்பவர் மாறினால் என்ன ஆகும் என்று அன்று கொண்டாடியவர்களில் அதிகம் பேர் யோசிக்கவில்லை.

1998 ஆகஸ்ட் 17 அன்று அரசு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது, டாலருக்கு 6 ரூபிளாக இருந்தது ஆண்டு முடிவதற்குள் 20-ஐத் தாண்டியது. மறுபடியும் சேமிப்பு போனது. இதைக் குறித்துக்கொண்டு வேகமாக 1999-க்குப் போங்கள்.

1999-ஐ மாதவாரியாகப் பிரித்து எழுதுவது நல்லது. ஆகஸ்டில் செச்சென் போர்த்தளபதி ஷமில் பசாயேவின் ஆட்கள் செச்னியாவிலிருந்து பக்கத்துத் தாகெஸ்தானுக்குள் நுழைகிறார்கள். ஆகஸ்ட் 9, எஃப்.எஸ்.பி. தலைவராக இருந்த புதின் பிரதமராகிறார். செப்டம்பரில் புய்னாக்ஸ்க், மாஸ்கோவில் இரண்டு இடம், வோல்கோதோன்ஸ்க் என்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு சுமார் 300 பேர் சாகிறார்கள். 22-ம் தேதி ரியாசான் நகரில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் மூட்டைகள் கிடைக்கின்றன, இரண்டு நாள் கழித்து அது வெறும் பயிற்சி, மூட்டையில் இருந்தது சர்க்கரை என்று எஃப்.எஸ்.பி. சொல்கிறது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். இணையத்தில் உறுதியான தீர்ப்புகள் நிறையக் கிடைக்கும், எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: டூமாவில் விசாரணை கேட்டு வந்த தீர்மானங்கள் தோற்றன, சுயேச்சையாக விசாரிக்க முயன்ற குழுவின் உறுப்பினர்களில் செர்கேய் யுஷென்கோவ் 2003 ஏப்ரலில் சுடப்பட்டார், யூரி ஷெகோசிகின் அதே ஆண்டு ஜூலையில் திடீர் நோயில் இறந்தார். இரண்டாம் செச்சென் போர் தொடங்கியதும் புதினின் ஆதரவு சில மாதத்தில் மளமளவென்று ஏறியது. டிசம்பர் 31 அன்று யெல்ட்சின் விலகினார், அன்றே புதின் கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று பதவி விலகிய அதிபருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்புத் தந்தது. 2000 மார்ச் 26, முதல் சுற்றிலேயே 53 சதவீத வெற்றி.

இனி புதிய பக்கம் போடுங்கள், ஆனால் வேறு விதமாகப் படியுங்கள். 2000-க்குப் பிறகு வரும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் 90-களின் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பார், கோடு இழுத்து இணையுங்கள். 2001 ஏப்ரலில் அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் என்டிவியைப் பிடித்ததை 1996-க்கு இழுங்கள். 2003 அக்டோபர் 25 அன்று கோதர்கோவ்ஸ்கி கைதானதை "பங்குக்குக் கடன்" வரிக்கு இழுங்கள். அந்தச் சொத்து வந்த விதத்தை மக்கள் ஒருபோதும் நியாயம் என்று ஏற்கவில்லை, அதனால் அரசு அதைப் பிடுங்கித் தன் எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட்டுக்குக் கொடுத்தபோது தடுக்க ஆள் இல்லை. 2004 செப்டம்பர் 1 அன்று பெஸ்லான் பள்ளி முற்றுகை, 334 பேர் செத்தார்கள், அதில் 186 குழந்தைகள். முற்றுகை முடிந்து பத்து நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை நிறுத்தப் போவதாகப் புதின் அறிவித்தார். ஒரு பள்ளியைக் காப்பாற்ற முடியாததற்கும் சைபீரியாவின் கடைக்கோடியில் ஆளுநர் தேர்தல் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு விடை தேடுங்கள். இந்தக் கதையில் போர் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

படிக்கும்போது வழுக்கி விழும் இடங்கள் சில உண்டு. "ரஷ்யர்களுக்கு இரும்புக்கரம்தான் பிடிக்கும்" என்பது முதலாவது. 1991 ஆகஸ்டில் டாங்கிக்கு எதிரே நின்றவர்களும், 2011 டிசம்பரிலிருந்து தேர்தல் மோசடியை எதிர்த்து மாஸ்கோவின் பொலோத்னயா சதுக்கத்தில் திரண்டவர்களும் ரஷ்யர்கள்தான். இரண்டாவது, விலைக் கட்டுப்பாட்டை ஒரே அடியில் நீக்கிய "அதிர்ச்சி வைத்தியத்தால்" எல்லாம் வந்தது என்பது. போலந்தும் 1990 ஜனவரி 1 அன்று விலைகளை அவிழ்த்துவிட்ட நாடுதான், அங்கே இந்த முடிவு வரவில்லை. பெருந்தொழிலதிபர்களால் வந்தது என்றால் உக்ரைனிலும் அவர்கள் இருந்தார்கள், ஆனால் 2004-ல் தேர்தலைத் திருட முயன்றபோது மக்கள் வீதிக்கு வந்து மறுவாக்கெடுப்பு நடத்த வைத்தார்கள். இப்படி ஒரு காரணம் தோன்றினால் உடனே அதே காரணம் இருந்த வேறொரு நாட்டைத் தேடிப் பாருங்கள். ரஷ்யாவில் என் கண்ணுக்குப் படுவது, சொத்துப் பறிபோன கோபமும், தடையில்லாத அதிபர் பதவியும், கலைக்கப்படாத உளவுத்துறையும், திரும்பத் திரும்ப வந்த போரும் ஒரே இடத்தில் கூடியது. அப்போதும் அது விதி இல்லை, ஒவ்வொரு முனையிலும் வேறு வழி இருந்தது, வேறு வழி சொன்ன மனிதர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலர் உயிரோடு விடப்படவில்லை. மூன்றாவது வழுக்கல் எண்ணெயை மறப்பது. 1998-ல் பீப்பாய் 10, 12 டாலர் என்று கிடந்தது, 2008 கோடையில் 140-ஐத் தாண்டியது. சம்பளமும் ஓய்வூதியமும் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் "கொந்தளித்த தொண்ணூறுகள்" என்ற பேச்சு அரசின் பெரிய சொத்தானது.

சொல்லாட்சியிலும் கவனம் வையுங்கள், ஒற்றைச் சொல் பதினைந்து ஆண்டைத் திறந்துவிடும். 1993 சட்டத்தின் 81-வது பிரிவு, ஒரே ஆள் "தொடர்ந்து" இரண்டு முறைக்கு மேல் அதிபராக இருக்கக் கூடாது என்றது. அந்தத் "தொடர்ந்து" என்ற சொல்தான் 2008-ல் மெத்வெதெவை அதிபர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு 2012-ல் புதின் திரும்பி வர இடம் கொடுத்தது. 2020 திருத்தத்தில் அந்தச் சொல்லை நீக்கினார்கள், கூடவே அதுவரை ஆண்ட கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள், அதனால் 2036 வரை அவர் இருக்கலாம். இரண்டு வடிவத்தையும் அருகருகே வைத்து நீங்களே படியுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு அமைப்பின் பெயரை எழுதுங்கள்: மெமோரியல். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைச் சேகரிக்க 80-களின் இறுதியில் தொடங்கியது, அதன் முதல் தலைவர் விஞ்ஞானியும் மனித உரிமைப் போராளியுமான அந்த்ரேய் சகாரோவ். 1995 ஏப்ரலில் செச்னியாவின் சமாஷ்கி கிராமத்தில் ரஷ்யப் படைகள் மக்களைக் கொன்றபோது அங்கே போய் விசாரித்து அறிக்கை வெளியிட்டதும் அதே அமைப்புதான். பழைய குற்றத்தையும் புதிய குற்றத்தையும் ஒரே நோட்டில் எழுதி வந்தவர்கள். 2021 டிசம்பர் 28 அன்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. அந்தத் தேதியை முதல் பத்தியில் போடுங்கள். மூன்றாவது பத்தியில் அடுத்து வர வேண்டிய தேதி 2022 பிப்ரவரி 24, உக்ரைன் மீது ரஷ்யா முழுப் படையெடுப்பைத் தொடங்கிய நாள்.